மதிலுக்கு வெளியே வந்த சந்நிதானம்

(இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் ஒரு கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சபையோர் எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் இருக்கிற பரிபாலன சபை ஐயாமாருக்குத் தனியாக ஒரு வணக்கம். இன்றைக்கு நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குத்தான்.

தமிழ்நாட்டுச் சைவத் துறவி குன்றக்குடி அடிகளாரை எங்கள் பெரியவர்கள் பட்டிமன்ற நடுவராகவே அதிகம் அறிவார்கள். நான் பேச வந்தது மேடையிலிருந்து இறங்கிய அடிகளாரைப் பற்றி.

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் நடுத்திட்டு என்ற சிற்றூரில் 1925இல் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் அரங்கநாதன். சிறுவயதில் அறிஞர் ரா.பி. சேதுப்பிள்ளையிடம் நாளுக்கு ஒரு குறள் ஒப்புவித்துக் காலணா வாங்குவாராம். காலணாவுக்காகப் படித்த குறளைக் கடைசிவரை அவர் கைவிடவில்லை. தருமபுரம் ஆதீனத்துக்கு வேலைக்குப் போனார். போன இடத்திலேயே துறவு பூண்டு கந்தசாமித் தம்பிரான் ஆனார். 1952இல் குன்றக்குடி ஆதீனத்தின் தலைமை அவருக்கு வந்தது.

அந்தக் காலத்தில் சந்நிதானம் எனப்படும் ஆதீனத் தலைவரைச் சனங்கள்தான் தேடிப் போய்க் கும்பிட வேண்டும். இவரோ அருள்நெறித் திருக்கூட்டம் தொடங்கி ஊர் ஊராக நடந்தார். கோயிலில் தமிழில் அருச்சனை வேண்டும் என்றார், சாதி பார்க்காதே என்றார். 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இறங்கி வழக்கையும் சந்தித்தார். கடவுளே இல்லை என்ற பெரியாரோடு முதலில் மேடைக்கு மேடை மோதியவர், பிறகு அவரோடு நட்பானார். சாதி ஒழியவேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே வலி.

சரி, இதெல்லாம் புத்தகங்களிலும் இருக்கிறது. என் மனதில் தங்கியது அவருடைய கிராமத் திட்டம்.

குன்றக்குடி மலைமேல் முருகன் இருக்கிறார். கீழே வானம் பார்த்த பூமி, வேலையில்லாத இளைஞர்கள். அடிகளார் என்ன செய்தார்? காரைக்குடியில் இருந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகளை ஊருக்குள் கூட்டி வந்தார். இந்த மண்ணில் எது வரும், இங்கே எந்தத் தொழில் நடக்கும் என்று பார்க்கவைத்தார். ஊர்ச்சனங்களை வைத்தே திட்டக்குழு அமைத்தார், கூட்டுறவுச் சங்கங்கள் கட்டினார். திருநீறு பூசிய ஒரு துறவி கடன், உற்பத்தி, சந்தை என்று பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பாருங்கள். இந்திரா காந்தி அரசின் கவனமே அந்தச் சின்ன ஊரின்மேல் விழுந்தது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்தான் கண்ணில் வந்தது. போர் முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது எங்களுக்குக் கூரையில்லை. அப்போதும் தகரக் கொட்டிலில் பிள்ளையாரை வைத்துத்தான் முதல் பொங்கல் பொங்கினோம். அந்தப் பக்தியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், எங்களை நிமிர்த்தியதே அதுதான். இப்போது கோபுரம் எழும்புகிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு அனுப்புகிறார்கள். ஆனால் கோயில் வீதிக்குப் பின்னால் துலுசு (மதகு) உடைந்த குளம் அப்படியே கிடக்கிறது. கணவனை இழந்த பெண்கள் நுண்கடன்காரனுக்குப் பயந்து ஒளிக்கிறார்கள். ஐயாமாரே, அந்தக் கோபுரக் காசில் ஒரு பங்கைச் சுழற்சிக் கடனாக மாதர் சங்கத்துக்குக் கொடுத்தால் அம்மன் கோபிப்பாளா? அடிகளாராக இருந்தால் கோயில் கணக்குப் புத்தகத்தில் அதைத் திருப்பணி என்றே எழுதியிருப்பார். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

இன்னொன்று. 1982 மார்ச்சில் கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காட்டில், பகவதி அம்மன் கோயில் கொடைவிழாவை ஒட்டி இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவருக்கும் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அடிகளார் அங்கே போனார். கோபத்தில் கொதித்திருந்த ஊர்களுக்குள் இறங்கி, இரண்டு பக்கத்தாரோடும் இருந்து பேசிச் சமாதானத்துக்குப் பாடுபட்டார். தன் சமயத்துக்காரர் பக்கம் நின்று முழங்கியிருந்தால் கைதட்டு நிறையக் கிடைத்திருக்கும்.

வற்றாப்பளை அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பவர்கள் நாங்கள். அந்தத் தீர்த்தம் எடுக்கச் சிலாவத்தைக் கரைக்குத்தான் போகிறோம். அந்தக் கரையோரத்தில் வலை காயப்போடுபவர்களில் எத்தனை பேர் வேதக்காரர், கிறிஸ்தவர்கள்! ஒரே கடலில் அவர்களும் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள், நாங்களும் பறிகொடுத்தோம். அண்மைக் காலமாகச் சில இளைஞர்கள் சமயத்தின் பெயரால் கடுமையாகப் பேசுவதைக் கேட்கிறேன். தம்பிமாரே, உங்கள் கோபத்துக்கு முன் மண்டைக்காட்டைப் பற்றி ஒருமுறை படியுங்கள்.

அடிகளார் 1995 ஏப்ரலில் மறைந்தார். இந்தக் கூட்டம் முடிந்ததும் மாதர் சங்கத்து அக்காமார் மண்டபத்திலேயே இருங்கள். சபைத் தலைவர் கணக்குப் புத்தகத்தோடு வந்திருக்கிறார். அந்தக் கடன் விஷயத்தை இன்றைக்கே பேசுவோம்.