குடிக்க ஒரு நாடு, வாங்க ஒரு நாடு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நார்வே, ஸ்வீடன், பின்லாந்து என்று போய்வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். நள்ளிரவுச் சூரியனைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்வார்கள். பிறகு பீர் விலையைப் பற்றி அரை மணி நேரம் புலம்புவார்கள். நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவில் ஒரு மதுக்கூடத்தில் அரை லிட்டர் பீர் சுமார் 100 குரோனர். நம் பணத்தில் 800 ரூபாய்க்கு மேல்! குடிக்காத நேயர்கள் வானொலியை அணைத்துவிட வேண்டாம். நான் குடியைப் பற்றிப் பேச வரவில்லை, விலையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பல ஆண்டுகளாக என்னை விடாமல் பிடித்திருக்கும் விஷயம் இது.

அந்த விலை தானாக ஏறியதில்லை, வேண்டுமென்றே ஏற்றியது. பின்லாந்தில் 1919 முதல் 1932 வரை மதுவிலக்கு இருந்தது. ஐஸ்லாந்தில் விஸ்கி வாங்கலாம், ஆனால் வீரியமுள்ள பீர் வாங்க முடியாது என்ற விசித்திரச் சட்டம் 1989 மார்ச் 1 வரை நீடித்தது. தடையை நீக்கிய பிறகும் கடிவாளத்தை அரசு விடவில்லை. கடையைத் தானே நடத்துகிறது. ஸ்வீடனில் சிஸ்டம்போலாகெட், நார்வேயில் வின்மோனோபோலெட், பின்லாந்தில் ஆல்கோ.

'அரசு மதுக்கடைதானே, நம் டாஸ்மாக் போல' என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. கடையை நடத்துவது அரசு என்பது வரை சரி. ஆனால் ஸ்வீடன் கடை பீரைக் குளிரவைத்துக்கூட விற்பதில்லை. மொத்தமாக வாங்கினால் தள்ளுபடியும் கிடையாது. விற்பனை கூட வேண்டும் என்ற அவசரமே அந்தக் கடைக்கு இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே கலால் வரி புட்டியின் விலையைப் பார்த்துப் போடப்படுவதில்லை, உள்ளே எவ்வளவு மது இருக்கிறது என்பதைப் பார்த்துப் போடப்படுகிறது. அதனால் மலிவான ஒயினின் விலையில் பெரும்பகுதி வரியாகவே போய்விடும். உயர்ந்த ஒயினுக்கும் ஏறக்குறைய அதே வரிதான். சிக்கனமாக இருக்க நினைத்து அடித்தட்டுப் புட்டியை எடுப்பவர் வரியைத்தான் குடிக்கிறார்.

உள்ளூர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள்? எல்லை தாண்டுகிறார்கள். நார்வேக்காரர் காரில் ஸ்வீடனின் ஸ்ட்ரோம்ஸ்டாட்டுக்குப் போகிறார். ஸ்வீடன்காரர் 4 கிலோமீட்டர் கடலைக் கடந்து டென்மார்க்கின் ஹெல்சிங்கோருக்குப் போகிறார். டென்மார்க்காரர் ஜெர்மனி எல்லைக் கடைகளுக்குப் போகிறார். ஒவ்வொருவருக்கும் பக்கத்து நாடு மலிவு! பின்லாந்துக்காரருக்கு எஸ்டோனியாவின் தாலின், கப்பலில் இரண்டு மணி நேரம். எஸ்டோனியா 2004 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவிருந்தது. தன் மக்கள் வண்டி வண்டியாக அங்கிருந்து அள்ளி வருவார்கள் என்று அஞ்சிய பின்லாந்து, அதற்கு முன்பே மார்ச்சில் மதுவரியை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தது. பிறகு எஸ்டோனியாவே 2017இல் பீர் வரியைத் தடாலடியாக உயர்த்த, அந்நாட்டு மக்கள் லாட்வியா எல்லைக்குக் கிளம்பினார்கள். 2019இல் எஸ்டோனியாவும் இறங்கிவந்து வரியில் கால் பங்கைக் குறைத்தது. அரசு கட்டுகிற அணை எவ்வளவு உயரமானாலும், பக்கத்து வீட்டு மதகு திறந்திருந்தால் தண்ணீர் அந்த வழியாகப் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஸ்டாக்ஹோம்–ஹெல்சிங்கி கப்பல்தான். மாலையில் புறப்பட்டு மறுநாள் காலையில் போய்ச் சேரும். இடையில், ஊரே உறங்கும் நேரத்தில், ஆலந்து என்ற தீவுக்கூட்டத்தில் சற்று நேரம் நிற்கும். ஏறுவோர் இறங்குவோர் மிகச் சிலரே. பின் எதற்கு நிற்கிறது? ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே வரியில்லா விற்பனை 1999 ஜூன் மாதத்தோடு முடிந்துபோனது. ஆனால் பின்லாந்தைச் சேர்ந்த ஆலந்து, ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கே ஒருமுறை துறையைத் தொட்டுவிட்டால் போதும், கப்பல் கடையில் வரியில்லாமல் விற்கலாம்! அவ்வளவு பெரிய கப்பல் அந்த அகால வேளையில் திரும்பி, கயிறு கட்டி, கயிறு அவிழ்த்துப் போவதைக் காண நான் ஒவ்வொரு முறையும் தூக்கத்தை விட்டுவிட்டு மேல்தளத்தில் நின்றிருக்கிறேன். அறைத்தோழர்கள் என்னைப் பைத்தியக்காரன் என்றார்கள். காலையில் இறங்கும்போது அவர்களே பீர் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி உருட்டிக்கொண்டு போனார்கள்.

கண்ணாடிக்கு அப்பால் நிலையத்தார் கையைக் காட்டுகிறார். பயணிகளுக்கு வைத்திருந்த குறிப்புகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஓஸ்லோ, ஐஸ்லாந்தின் கெப்ளாவிக் விமான நிலையங்களில் வந்திறங்கியதும், சுங்கத்தைத் தாண்டுமுன்பே வரியில்லாக் கடை உண்டு. வாங்குவதை அங்கே வாங்குங்கள், அளவு வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்வீடன் மளிகைக் கடையில் 3.5 சதவீத பீர் வரைதான் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் அரசுக் கடை; சனிக்கிழமை மாலை 3 மணியோடு சாத்திவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை, 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். டென்மார்க்கைப் பற்றித் தனியாகச் சொல்ல நினைத்தேன். அங்கே அரசுக் கடையே இல்லை, சாதாரணக் கடைகளிலேயே எல்லாம் கிடைக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வணக்கம்.