கட்டியது அணியையா, கூட்டத்தையா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 2023-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குப் புதுத் தலைமைப் பயிற்சியாளராக வந்த டீயான் சாண்டர்ஸ் அந்த சீசனில் கட்டியது அணியையா, கூட்டத்தையா? நான் ‘கூட்டத்தையே’ என்ற கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார், ‘கொலராடோவின் சொந்த மைதானமான போல்டர் ஸ்டேடியம் நிரம்பி வழிந்ததே, டிவிக்காரர்கள் எல்லாம் ஓடி வந்தார்களே’ என்று என் கட்சிக்கான சாட்சியை அவரே சொல்லிவிட்டுப் போனார். ரொம்ப நன்றி அம்மா!

அப்புறம் ஒரு கணக்குச் சொன்னார். 2022-ல் 12 ஆட்டத்தில் ஒன்றுதான் வெற்றி, 2023-ல் நான்கு, ஆகவே நாலு மடங்கு வளர்ச்சி என்று. ஒன்றை வைத்துக்கொண்டு மடங்கு போட்டால் எல்லாமே வளர்ச்சிதான்! அந்த நான்கில் மூன்று, முதல் மூன்று ஆட்டங்களிலேயே வந்தவை. மிச்சமிருந்த ஒன்பதில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்பதும் கொலராடோ அப்போது ஆடிய பேக்-12 என்ற கல்லூரி லீக்கின் ஆட்டங்கள். லீக்கில் கடைசி இடம் யாருக்கு? கொலராடோவுக்குத்தான்.

முதல் ஆட்டத்தை நான் மறைக்கவில்லை. முந்தைய சீசனில் தேசிய இறுதி ஆட்டம் வரை போன டிசியு (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) அணியை அதன் ஊரிலேயே 45-42 என்று சாய்த்தார்கள். பயிற்சியாளரின் மகன் ஷெடூர் சாண்டர்ஸ் 510 யார்டுக்குப் பந்து எறிந்தார். நானும் கைதட்டினேன். ஆனால் எதிராளிகள் அந்த ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்து எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும்? நான்காவது ஆட்டத்தில் ஆரிகன் அணி 42-6 என்று விடை சொன்னது.

இப்போது அக்டோபர் 13, ஸ்டான்ஃபோர்டு ஆட்டத்துக்கு வாருங்கள். வெள்ளி இரவு, சொந்த மைதானம். பாதி ஆட்டம் முடிந்தபோது கொலராடோ 29, ஸ்டான்ஃபோர்டு பூஜ்யம். அதன் பிறகு எலிக் அயோமனோர் என்ற ஒரே பையன் ஒரு பந்தைப் பிடித்து 97 யார்டு ஓடுகிறான். கூடுதல் நேரத்தில், கொலராடோவின் நட்சத்திரம் டிராவிஸ் ஹண்டரின் தலைக்கவசத்துக்குப் பின்னால் பந்தை அழுத்திப் பிடித்து டச்டவுன், அதாவது எல்லைக்குள் பந்தைச் சேர்த்து ஆறு புள்ளி, போடுகிறான். கடைசியில் 46-43, தோல்வி. எதிராளி யார்? அதுவரை ஐந்து ஆட்டத்தில் ஒன்றே ஜெயித்த அணி. அதற்கும் அந்த வருடம்தான் புதுப் பயிற்சியாளர், டிராய் டெய்லர். அவரைப் பார்க்க எந்தக் கூட்டமும் வரவில்லை, ஐயா!

காரணம் என்ன? சாண்டர்ஸ் வந்த கையோடு, இருந்த வீரர்களிடம் வேறு கல்லூரி பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். என் பெட்டிகளோடு, அதாவது என் ஆட்களோடு வருகிறேன், அதுவும் விலையுயர்ந்த லூயி வித்தோன் பெட்டி என்றார். வீரர்கள் கல்லூரி மாறப் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாகவும் மற்றபடியும் 80-க்கு மேல் புதுமுகங்கள். பந்து எறிபவர் வந்தார், பிடிப்பவர் வந்தார். எறிபவருக்கு முன்னால் நின்று அடி வாங்கும் முன்வரிசை? அந்தப் பெட்டி மட்டும் வரவில்லை! பந்தல் ஜோராகப் போட்டுவிட்டு அடுப்பு மூட்ட மறந்த கல்யாண வீடு. ஷெடூர் ஆடிய 11 ஆட்டத்தில் 52 முறை பந்தோடு கீழே தள்ளப்பட்டார். கடைசியாக யூட்டாவுடன் நடந்த ஆட்டத்தில் காயத்தால் இறங்கவே முடியவில்லை. பெற்ற பிள்ளைக்கே காவல் போடாதவர் அணியைக் கட்டினார் என்றால் எப்படி ஒப்புக்கொள்வது?

நவம்பரில் இன்னொரு கூத்து. கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஷான் லூயிஸ் அதை விட்டுவிட்டு இங்கே தாக்குதல் பொறுப்புக்கு வந்தவர். ஆட்டத்தில் என்ன ஆடுவது என்று சொல்லும் வேலையை அவரிடமிருந்து பிடுங்கி பாட் ஷெர்மர் என்ற இன்னொருவரிடம் கொடுத்தார்கள். முன்வரிசையில் ஓட்டை இருக்க, மாற்றியது யாரை? அதன் பிறகும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. கடைசி ஆறும் தோல்வி.

‘மறுவருடம் 9 வெற்றி, ஹண்டருக்குக் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது’ என்று அடுத்துப் பேசுபவர் சொல்வார், எனக்குத் தெரியும். சரி, வாருங்கள். மறுவருடம் சாண்டர்ஸ் தேடிப் பிடித்து ஆரம்பத்திலேயே இறக்கியது யாரை? ஜோர்டன் சீட்டன் என்ற முதலாண்டு மாணவரை. அவர் நின்ற இடம் ஷெடூருக்கு இடப்பக்கம், முன்வரிசையில். 2023-ல் அணி கட்டியாகிவிட்டது என்றால் அந்த இடம் ஏன் காலியாக இருந்தது? எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.