ஐசியுவில் இந்தத் தலையணையை மட்டும் மாற்றி வைக்காதீர்கள்!

வணக்கம் மக்களே! ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ஐசியு. வென்டிலேட்டரில் நினைவில்லாமல் ஒரு மாவோரி தாத்தா. கால் வீங்கியிருக்கிறது. நர்ஸ் தலைமாட்டில் இருந்த தலையணையை உருவி, காலுக்கு அடியில் வைக்கிறார். வைத்தியப்படி சரிதான். ஆனால் பக்கத்தில் நின்ற மகளின் முகம் சுண்டிவிட்டது. ஏன்?

நியூசிலாந்துக்குப் போவோம். மாவோரிகள் அந்த மண்ணின் மக்கள். 1840 வைதாங்கி ஒப்பந்தம், பிரிட்டிஷ் ஆட்சி, பறிபோன நிலம்... அது தனி வீடியோ, தாண்டிவிடுகிறேன்.

அவர்களுக்கு உடம்பிலேயே தலைதான் அதிகம் 'தப்பு'. சிரிக்காதீர்கள், அவர்களுடைய 'தபு' (tapu) என்ற சொல் கிட்டத்தட்ட அப்படித்தான் ஒலிக்கும். புனிதமானது, கண்டபடி தொடக்கூடாதது என்று பொருள். 1777-இல் கேப்டன் குக் டோங்கா தீவுகளில் இதன் உறவுச்சொல்லைக் கேட்டு எழுதிவைத்தார். விலக்கப்பட்டது என்று பொருள்படும் ஆங்கிலத்தின் 'டபூ' (taboo) அங்கிருந்து வந்ததுதான். கமெண்டில் உடனே "தமிழிலிருந்து போனது" என்று கிளம்பிவிடாதீர்கள், வெறும் ஒலி ஒற்றுமை!

ஆக, தலைக்கு வைத்த தலையணை காலுக்குப் போகாது. முகம் துடைத்த துணி இடுப்புக்குக் கீழே இறங்காது. சாப்பாடு வைக்கும் மேசையில் பெட்பேன் ஏறாது. சில மருத்துவமனைகளில் தலைக்கு ஒரு நிற உறை, மற்ற இடங்களுக்கு வேறு நிறம் என்று பிரித்தேவிட்டார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. ராத்திரி ஷிஃப்டுக்குப் புதிதாக வந்தவருக்குக்கூடப் பார்த்ததும் புரிந்துவிடும்.

ஆனால் ஐசியுவில் பாதி வேலை தலையில்தானே? வாயில் ட்யூப், கழுத்தில் ஊசிக்குழாய், அடிக்கடி கண்ணில் டார்ச். தொடாமல் முடியாது. அதனால் தொடுவதற்கு முன் சொல்கிறார்கள், மயக்கத்தில் இருப்பவரிடமும். குடும்பத்தையும் கேட்கிறார்கள். முடியை மழிக்க வேண்டியிருந்தால், அதைத் திருப்பித் தரவேண்டுமா என்று விசாரிப்பது நல்ல வழக்கம். கழுத்தில் பச்சைக்கல் பதக்கம் இருந்தால், முடிந்தவரை கழற்றாமல் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவைக்கலாம். உயிர் போய்விட்டால் உடலைத் தனியே விடமாட்டார்கள், உறவினர் கூடவே இருப்பார்கள்.

இதற்கெல்லாம் 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்ற பெயரில் ஒரு கோட்பாட்டையே வளர்த்தெடுத்தவர் இரிஹாபெதி ராம்ஸ்டன் என்ற மாவோரி நர்ஸ். 1988-இல் ஒரு கூட்டத்தில் மாவோரி மாணவி ஒருவர் எழுந்து, சட்டப் பாதுகாப்பு, மருத்துவப் பாதுகாப்பு எல்லாம் பேசுகிறீர்களே, எங்கள் பண்பாட்டுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டார். பொறி அதுதான். 1992-இல் நர்சிங் கவுன்சில் இதைப் படிப்பில் கட்டாயமாக்கியது. பத்திரிகைகளில் பெரிய ரகளை.

இப்போது ட்விஸ்ட். இவ்வளவு நேரம் நான் ஆசையாகப் பட்டியல் போட்டேன் இல்லையா? ராம்ஸ்டன் பார்த்திருந்தால் முறைத்திருப்பார்! சடங்குகளை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை அவர். நர்ஸ் முதலில் தன் மனதில் இருக்கும் முன்முடிவையும், தன் கையில் இருக்கும் அதிகாரத்தையும் பார்க்க வேண்டும் என்றார். கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்லவேண்டியவர் நோயாளி. மொழியும் நிலமும் பறிபோய் நகரத்தில் வளர்ந்த மாவோரிக்கு இந்த வழக்கங்கள் தெரியாமலே இருக்கலாம். அவரிடம் போய்ப் பட்டியலை ஒப்பித்தால், அது அவருக்கு இன்னொரு அடி.

சரி, அந்தத் தாத்தாவின் படுக்கைக்கு வருவோம். நர்ஸ் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டார். "அம்மா, நான் ஏதாவது தவறாகச் செய்துவிட்டேனா? அப்பாவுக்கு எப்படி வைத்தால் சரியாக இருக்கும்?" மகள் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பையைத் திறந்து, ஒரு தலையணையை எடுத்து நீட்டினாள்.