வழிகாட்டி இல்லாமல் நிற்கும் ஆய்வு

தருமபுரி வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

உயர்கல்வியையும் ஆராய்ச்சியையும் அரசுத் துறை எப்படி மேற்பார்வை செய்கிறது என்பதைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். அரசுக் கல்லூரிகளில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். எனவே எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து, அதாவது நம் மாவட்டத்து ஆய்வு மாணவர்களின் பக்கத்திலிருந்து, இதைப் பேசுகிறேன்.

பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது, மழைக்கு முன்னும் பின்னும் அது எப்படி மாறுகிறது என்பதே அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. இந்த மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காவிப் பட்டை விழுந்த பற்களையும், ஐம்பது வயதிலேயே வளைக்க முடியாமல் இறுகிப்போன முழங்கால்களையும் எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்! குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம், வேறு நீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது பெரிய ஆறுதல். ஆனாலும் அந்தக் குழாயில் நீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்றுக்கே திரும்பும் வீடுகள் உண்டு. அந்த நீரைத்தான் இவர் சோதித்தார்.

கண்ணாடிக் குப்பியில் இந்த மாதிரியை எடுக்கக் கூடாது. ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் அளவு தவறிவிடும். பிளாஸ்டிக் குப்பியை அதே நீரால் இரண்டு மூன்று முறை அலசி, நிரப்பி, ஊர், தேதி, கிணற்றின் ஆழம் மூன்றையும் எழுதி ஒட்டவேண்டும். இப்படிக் குப்பிகளைப் பையில் அடுக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் கல்லூரிக்கு வருவார் அவர். பாதி வேலை முடிந்திருந்த நேரத்தில் அவருடைய வழிகாட்டிப் பேராசிரியருக்குப் பணியிட மாறுதல் வந்தது. தெற்கே, வேறொரு பல்கலைக்கழக எல்லைக்குள் இருக்கும் கல்லூரி. துறையில் எஞ்சியிருந்த ஆசிரியர்களில் யாரும் இவரை ஏற்றுக்கொள்ளும் நிலையில் இல்லை. குப்பிகள் ஆய்வகத்து அலமாரியில் இருந்தன. ஆய்வு நின்றுவிட்டது.

ஏன் யாரும் ஏற்க முடியவில்லை? இதற்குப் பதில் தேடினால் மேற்பார்வை முழுவதும் வரிசையாகக் கண்ணுக்குத் தெரியும்.

அரசியலமைப்பின்படி உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் தரத்தை ஒருங்கிணைப்பதும் நிர்ணயிப்பதும் மத்திய அரசின் பொறுப்பு. கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-இல் 42-ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. ஆகவே விதியை எழுதுவது டெல்லி. 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் பல்கலைக்கழக மானியக் குழு எழுதுகிறது. கல்லூரி திறப்பதும், ஆசிரியரை நியமிப்பதும், சம்பளம் தருவதும் சென்னை. கோட்டையில் உயர்கல்வித் துறைச் செயலாளர், அவருக்குக் கீழே கல்லூரிக் கல்வி இயக்ககம், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். கல்லூரிக் கல்விக்கு நம் தருமபுரியிலேயே மண்டல இணை இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. பட்டம் தருவது சேலத்தில் 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம். அதன் ஆட்சிக்குழுவில் உயர்கல்விச் செயலாளரும் உறுப்பினர்.

இந்த மூன்று இடங்களும் அந்தப் பெண்ணின் விஷயத்தில் எப்படிச் சந்தித்துக்கொண்டன என்று பாருங்கள்.

மானியக் குழு 2022 நவம்பரில் முனைவர் பட்டத்துக்கான புதிய ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. நிரந்தரப் பணியில் இருக்கும் ஆசிரியர்தான் வழிகாட்டியாக இருக்கலாம். பேராசிரியர் எட்டுப் பேரை, இணைப் பேராசிரியர் ஆறு பேரை, உதவிப் பேராசிரியர் நான்கு பேரை வைத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் வந்து, செய்த வேலையைச் சொல்லவேண்டும். நல்ல விதிகள். பெயருக்கு ஒரு வழிகாட்டி, பட்டத்துக்கு ஓர் ஆய்வேடு என்ற நிலையை இவை தடுக்கின்றன. நான் இவற்றை முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

ஆனால் அந்த விதி நம் கல்லூரிக்குள் வரும்போது அங்கே யார் இருக்கிறார்கள்? நிரந்தர ஆசிரியர்கள் சிலர். அவர்களில் ஓய்வை நெருங்கியவர்கள் உண்டு. மற்ற வகுப்புகளை நடத்துவது கௌரவ விரிவுரையாளர்கள். முனைவர் பட்டமும் தகுதித் தேர்வுத் தேர்ச்சியும் பெற்றவர்கள் அவர்களில் ஏராளம். 2024-இல் இவர்கள் மாதம் 25,000 ரூபாய்க்கு, ஆண்டில் பதினொரு மாதம் வேலை செய்தார்கள். கட்டுரை வெளியிட்டிருப்பார்கள், ஆய்வகக் கருவிகளை நன்றாகக் கையாளுவார்கள். வழிகாட்டியாக மட்டும் கையெழுத்திட முடியாது. 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் அரசுக் கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களை அறிவித்தது. அந்த ஆகஸ்டில் நடக்கவிருந்த தேர்வு தள்ளிப்போனது. நான்கு மாணவர் வீதம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிரப்பப்படாத ஒவ்வொரு இடமும் நான்கு ஆய்வு இருக்கைகளையும் சேர்த்து மூடிவைக்கிறது.

துறை நம்மிடம் கேட்கும் புள்ளிவிவரங்களுக்குக் குறைவில்லை. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புக்காக ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு பொறுப்பாசிரியர் இரவு வரை கணினி முன் உட்கார்ந்து, பாடவாரியாக, சமூகவாரியாக, ஆண் பெண் வாரியாக எண்களை ஏற்றுகிறார். அதனால்தான் 2021–22-இல் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு என்று நம்மால் பெருமையோடு சொல்ல முடிகிறது. நம் பெண்பிள்ளைகள் கல்லூரி வாசலுக்கு வந்ததில் இந்தத் துறைக்குப் பெரும் பங்கு உண்டு. காரிமங்கலத்திலும் பென்னாகரத்திலும் அரசுக் கல்லூரி வரும் என்று என் தலைமுறை நினைத்ததில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் ஆய்வு செய்ய வந்து நிற்கும்போது, எத்தனை மாணவர்கள் வழிகாட்டி இல்லாமல் இருக்கிறார்கள் என்ற எண்ணையும் துறை கேட்கவேண்டும். அந்தக் கட்டம் எந்தப் படிவத்திலும் என் கண்ணில் பட்டதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஃபுளோரைடு ஆய்வுக்குத் தண்ணீர் மட்டும் போதாது. பல்லையும் எலும்பையும் பார்க்க மருத்துவர் வேண்டும், அந்த நீர் பாயும் ராகி வயலைப் பார்க்க வேளாண் அறிஞர் வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் இருக்கிறது. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டினம் அருகே பையூரில் கொள்ளுக்கும் சிறுதானியங்களுக்கும் புதிய ரகங்கள் தந்த ஆராய்ச்சி நிலையம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அது வேளாண் துறை. மூன்று இடங்களும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் வந்துவிடும். கோப்பு மட்டும் மூன்று செயலாளர்களிடம் போகவேண்டும். இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மயிலாடும்பாறையில் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தெடுத்த மாதிரியின் காலம் பொது ஆண்டுக்கு முன் 2172 என்று தெரியவந்தது. தமிழகத்து இரும்பின் தொன்மையை அது இன்றைக்கு 4,000 ஆண்டுகளுக்கும் முன்னால் கொண்டுபோனது. அந்தக் குழிக்கு அருகிலேயே இருக்கும் வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு அகழாய்வில் முறையான பயிற்சி இடம் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! மாநில உயர்கல்வி மன்றம் 1992-லிருந்து இருக்கிறது. அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் 1984-லிருந்து இருக்கிறது. துறைகளை ஒரே மேசையில் உட்காரவைக்க இவற்றைவிடப் பொருத்தமான அமைப்புகள் எவை?

உயர்கல்வித் துறையிடம் நான் கேட்பது இரண்டு. மாறுதல் கலந்தாய்வில் ஒரு பேராசிரியர் இடம் மாறும்போது, அவரிடம் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு மாற்று வழிகாட்டி ஏற்பாடான பிறகே அவரை விடுவிக்கவேண்டும். அடுத்து, எந்தக் கல்லூரியில், எந்தப் பாடத்தில், எத்தனை ஆய்வு இடங்கள் காலியாக இருக்கின்றன என்ற பட்டியலை மண்டல அலுவலகம் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வெளியிடவேண்டும்.

ஆய்வு செய்யும் பெண்களுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் ஒரு செய்தி. முனைவர் பட்டத்துக்கான உச்ச வரம்பு ஆறு ஆண்டு; பெண்களுக்கு அதன்மேல் இரண்டு ஆண்டு சலுகை தர விதியில் இடம் இருக்கிறது. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை எடுக்கலாம். திருமணமாகி வேறு ஊருக்குப் போனால், விதிமுறைக்கு உட்பட்டு, ஆய்வுத் தரவுகளோடு அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்பதற்காகப் பதிவை ரத்து செய்யும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போய், 2022 ஒழுங்குமுறைகளைச் சொல்லி, எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.