அட்டெண்டர் யாரு?

காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காவேரிப்பட்டினம் தாண்டி ஒரு மாந்தோப்பு ஓரமாக நிற்கிறேன். வண்டியில் இரண்டு கூடை செந்தூரா இருக்கிறது. எதிரே தெரியும் பச்சை கேட் ஒரு முதியோர் இல்லம். பெயர் சொல்ல மாட்டேன், போர்டும் கேமராவில் விழாமல் பார்த்துக்கொள்கிறேன். தாத்தா பாட்டிக்கு இலை போட்டு, பின்னாடி சோகமாக ஒரு வயலினை ஓட்டுகிற வீடியோ இங்கே வராது. அதை எடுக்க நிறைய பேர் இருக்கிறார்கள்.

வரும் வழியில் டீ குடிக்க நின்றேன். கடைக்கார அண்ணன், "என்னா தம்பி, இன்னைக்கு என்ன வீடியோ?" என்று கேட்டார். கொரோனா நேரத்தில் இந்த மாதிரி இல்லங்களைப் பாதுகாத்திருக்க வேண்டியது யார் என்று பேசப் போகிறேன், அரசாங்கம்தான் என்று சொல்லப் போகிறேன் என்றேன். பால் ஆற்றிக்கொண்டே சொன்னார், "பெத்த புள்ளையே உட்டுட்டுப் போயிட்டான், கவர்மெண்டு என்னா பண்ணும்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஊரில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். பிள்ளையைத் திட்டி முடித்தால் நம் வேலை முடிந்துவிடுகிறது. சௌகரியம் என்னவென்றால், ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் வேலையும் அதோடு முடிந்துவிடுகிறது.

2020 ஏப்ரல் கடைசியில் தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலமாக, அதாவது தொற்றே இல்லாததாக இருந்த ஒரே மாவட்டம் நம்ம கிருஷ்ணகிரி. என்ன பெருமை அப்போது! ஸ்டேட்டஸ் வைக்காத ஆள் கிடையாது. நானும் வைத்தேன். மே மாதம் பிறந்ததும் அந்தப் பெருமை போனது. ஆனால் அடி விழுந்தது மறு வருஷம்தான். 2021 மே மாதம், மாநிலத்தில் ஒரு நாள் தொற்று 36,000-ஐத் தாண்டியதே, அந்த மாதம்.

நானும் இரண்டு நண்பர்களும் இந்த இல்லத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்து கேட்டிலேயே வைத்துவிட்டுப் போவோம். ஒரு நாள் சமையல்கார அக்கா ஓடி வந்தார். ஒரு பாட்டிக்கு மூச்சு வாங்குகிறது என்றார். எங்களிடம் ஆக்சிமீட்டர் இருந்தது. ஆள்காட்டி விரலில் மாட்டினால் எண்ணே வரவில்லை. விரல் நுனியெல்லாம் மருதாணி, யாரோ ஆசையாக வைத்துவிட்டிருக்கிறார்கள். கட்டை விரலில் மாட்டினோம். 86. ஆக்சிஜன் ரொம்பக் குறைவு.

108 வர நேரமானது. அந்த நேரத்தில் மூன்று இடத்துக்குப் போன் போட்டேன். ஒரு ஆபீசில், இல்லம் என்றால் அது வேறு துறை என்றார்கள். அந்த வேறு துறையில், இது தனியார் டிரஸ்ட் நடத்துவது, அவர்கள்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். டிரஸ்ட் ஆள், நோய் என்று வந்தால் சுகாதாரத் துறைதானே சார் என்றார். மூன்று பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, "அட்டெண்டர் யாரு?" இல்லத்திலிருந்து வருகிறோம் என்றேன். "ஹோம்லாம் சரி, கையெழுத்து போட சொந்தக்காரங்க யாரு?" சீட்டில் 'உறவு' என்று ஒரு இடம். அதில் 'பேரன்' என்று எழுதினேன். அதற்கப்புறமும் வராண்டாவில் இரண்டு மணி நேரம் ஆனது, ஆனால் படுக்கை கிடைத்தது. பாட்டி பிழைத்தார். அதே இல்லத்திலிருந்து வந்த அடுத்த கட்டில் தாத்தாவுக்கு அந்த வாரமே முடிந்துவிட்டது.

சாயங்காலம் சாயங்காலம் சுகாதாரத் துறை புல்லட்டின் வருமே, நினைவிருக்கிறதா? இறந்தவரின் வயது, ஆணா பெண்ணா, மாவட்டம், எந்த ஆஸ்பத்திரி, சர்க்கரை உண்டா, பி.பி. உண்டா, எல்லாம் இருக்கும். முதியோர் இல்லத்தில் இருந்தவரா என்று ஒரு வரி இருக்காது. அந்தத் தாத்தாவும் பட்டியலில் ஒரு வயது, ஒரு சர்க்கரை. அவ்வளவுதான்.

சரி, வெளிநாட்டுக்குப் போவோம். என் சித்தி பெண் மெல்போர்னில் இந்த மாதிரி ஒரு இல்லத்தில்தான் வேலை பார்க்கிறாள். சம்பளம் பத்தாமல் ஒரே ஆள் இரண்டு மூன்று இல்லங்களில் மாறி மாறி வேலை பார்ப்பது அங்கே சகஜம். கிருமியும் கூடவே போனது. அதே ஊரில் ஃபாக்னர் பகுதியில் செயின்ட் பேசில்ஸ் என்று ஒரு இல்லம். 2020 ஜூலையில் ஒரு ஊழியருக்குத் தொற்று வந்தது. மாநில அரசுக்கு 9-ஆம் தேதி தகவல் போகிறது. இல்லங்களுக்குப் பொறுப்பான மத்திய அரசுக்கு 14-ஆம் தேதிதான் தெரிகிறது. பிறகு தொற்றுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் என்று மொத்த ஊழியர்களையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, யார் எந்த அறை, யாருக்கு என்ன மாத்திரை என்றே தெரியாத புது ஆட்களை இறக்கினார்கள். 45 பேர் கொரோனாவில் போய்விட்டார்கள். அந்த வருஷம் ஆஸ்திரேலியாவில் கொரோனாவில் இறந்த சுமார் 900 பேரில் நாலில் மூன்று பேர் இல்லவாசிகள்.

அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் மாரிசன் சொன்னது என்ன? இல்லங்களை ஒழுங்குபடுத்துவது நாங்கள், ஆனால் தொற்றுநோய் என்று வந்தால் பொது சுகாதாரம் மாநிலத்தின் பாடு. என் மூன்று போன் கால்தான், கோட் சூட் போட்டுக்கொண்டு வந்தது!

ஆனால் வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே முதியோர் நலத்துறை மந்திரி ரிச்சர்ட் கோல்பெக்கிடம் இல்லங்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று நாடாளுமன்றக் குழு கேட்டது. அவரால் எண் சொல்ல முடியவில்லை. நாடே கொதித்தது, செனட்டில் கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. முதியோர் பராமரிப்பை விசாரித்துக்கொண்டிருந்த ராயல் கமிஷன் 2020 அக்டோபரில் தனி அறிக்கை கொடுத்து, அரசு செய்தது போதவில்லை என்றது. ஆறு பரிந்துரை, அதில் ஒன்று இல்லத்துக்கு ஒரு பயிற்சி பெற்ற தொற்றுத் தடுப்பு அலுவலர். அரசு ஆறையும் ஏற்றுக்கொண்டது. செத்தவர்கள் வரவில்லைதான். ஆனால் அங்கே எண் தெரியாதது குற்றம். இங்கே எண்ணைக் கேட்பவனை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

நம்மிடம் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். டீக்கடை அண்ணன் சொல்லும் பிள்ளையை ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்த வைப்பது இதுதான். அதே சட்டத்தில் 19-ஆம் பிரிவு, ஆதரவற்ற 150 பேராவது தங்கும்படி மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது மாநில அரசு அமைக்க'லாம்' என்கிறது. அடுத்த பிரிவு, அரசு ஆஸ்பத்திரியில் முதியோருக்குப் படுக்கை 'முடிந்த அளவு' தர வேண்டும் என்கிறது. பிள்ளைக்கு 'வேண்டும்', அரசுக்கு 'லாம்', 'முடிந்த அளவு'. அண்ணனுக்கு இதைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம், அப்போது தோன்றவில்லை.

தடுப்பூசியும் இதே கதை. 60 வயதுக்கு மேல் 2021 மார்ச் 1-ஆம் தேதியே ஆரம்பித்துவிட்டது. ஆனால் அடையாள அட்டை கேட்டார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிவந்த தாத்தாவிடம் என்ன ஆதார் இருக்கும்? அட்டை இல்லாதவர்களுக்கு என்ன செய்வது என்ற மத்திய அரசு வழிமுறை மே மாதம்தான் கைக்கு வந்தது. அதில் சாதுக்கள், சிறைவாசிகள், பிச்சை எடுப்பவர்கள், இவர்களோடு முதியோர் இல்லவாசிகள். அந்த வரிசையைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் அந்தத் தாளில்தான் இவர்கள் பெயராவது வந்தது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு கொடுக்கப் போகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு பக்கம்தான். மாவட்டத்தில் எத்தனை இல்லம், எத்தனை பேர் என்று ஒரு பட்டியல். அடுத்த தொற்று வந்தால் ராத்திரி பத்து மணிக்கும் எடுக்கிற ஒரு போன் எண், ஒரே ஒரு எண். அப்புறம், ஆஸ்பத்திரி சீட்டில் 'உறவு' என்ற இடத்தில் எழுத ஒரு அதிகாரியின் பதவிப் பெயர். நான் பொய் எழுதாமல் இருக்கத்தான்.

கேட்டைத் திறக்கிறார்கள். கேமரா இதோடு நிற்கும். பாட்டிக்குக் கூடையைத் தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது, "பேராண்டி, போன தடவ மாதிரி புளிக்குதா?" என்று கேட்கிறார்.