திட்டம் போட்டால்தான் கைகோத்து நடக்க நேரம் கிடைக்கும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் நம் தமிழ்ச் சங்கத்து உறவுகளுக்கும் என் வணக்கம்.

"ஜோடியாகப் போகும் முதல் டிஸ்னி வேர்ல்ட் பயணம் இனிப்பது முன்கூட்டியே திட்டமிட்டாலா, மனம் போன போக்கில் போனாலா?" இதுதான் இன்றைய தலைப்பு. திட்டமிட்டால்தான் இனிக்கும் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் மூன்று விஷயம் சொன்னார். காதலுக்கு டைம்டேபிள் கிடையாது என்றார். திட்டம் போட உட்கார்ந்தாலே சண்டைதான் வரும் என்றார். அப்புறம், மறக்க முடியாத தருணமெல்லாம் தானாக அமைவது, அந்த இடமே ஒரு மாய உலகம், உள்ளே நுழைந்தால் போதும் என்றார். நல்ல கைதட்டலும் வாங்கினார். அந்தக் கடைசி வாதத்திலிருந்தே தொடங்குகிறேன் ஐயா.

அந்த மாயம் எங்கிருந்து வந்தது? 1960-களின் நடுவில், டிஸ்னி நிறுவனத்தார் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பெரும்பாலும் சதுப்பு நிலமாகக் கிடந்த இடத்தை, வாங்குவது யார் என்றே வெளியே தெரியாமல் வெவ்வேறு கம்பெனிப் பெயர்களில் ஏறக்குறைய 27,000 ஏக்கர் வாங்கிப் போட்டார்கள். 1966 டிசம்பரில் வால்ட் டிஸ்னி இறந்துவிட்டார். தம்பி யோசித்து வைத்ததை அண்ணன் ராய் டிஸ்னி முன்னின்று நடத்தி, 1971 அக்டோபர் 1 அன்று திறந்து வைத்தார். அங்கே மேஜிக் கிங்டம் என்ற பூங்காவில் நாம் கைவீசி நடக்கிறோமே, அந்தத் தெரு உண்மையில் மாடி. அதற்குக் கீழே, தரைமட்டத்தில், ஊழியர்களுக்கென்று சுரங்க வழிகள் ஓடுகின்றன. பக்கத்தில் ஏரி வெட்டிய மண்ணைக் கொட்டி அவற்றை மூடி, மேலே ஊரைக் கட்டினார்கள். கௌபாய் வேடம் போட்டவர் எதிர்கால நகரம் போல அமைத்த பகுதியின் நடுவே நடந்து போனால் பார்ப்பவருக்கு அந்த மயக்கம் கலைந்துவிடும். அது கூடாது என்பதற்காக அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். நமக்குத் தானாக நடப்பதாகத் தோன்றுகிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் நடுவர் அவர்களே. எதிரணித் தலைவர் ரசித்த மாயமே எங்கள் அணிக்குச் சாட்சி.

சரி, மனம் போன போக்கில்தான் போவோம் என்று வைத்துக்கொள்வோம். எங்கே போவது? மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பெரிய பூங்காக்கள். அது போக இரண்டு நீர்ப் பூங்காக்கள், ஏகப்பட்ட ஹோட்டல்கள். சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தின் பரப்புக்குக் கிட்டத்தட்ட சமமான இடம். அனிமல் கிங்டத்திலிருந்து மேஜிக் கிங்டத்துக்கு நடந்து போக முடியாது, பஸ்ஸோ காரோ வேண்டும். பூங்காவுக்குள்ளேயே ஒரு நாளில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடை சர்வ சாதாரணம். முதல் முறை போகிற ஜோடிக்குக் கால் வலி வந்த பிறகுதான் அந்த இடத்தின் அளவே புரிகிறது.

நான் கண்ணால் பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். மேஜிக் கிங்டத்தின் கோட்டைக்கு எதிரே நல்ல வெயில். நம் ஊர்ப் பிள்ளைகள், கல்யாணமாகி அதிக நாள் ஆகியிருக்காது, அந்தப் பெண் கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை. இரண்டு பேரும் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் ஒரு போனைத் தேய்க்கிறார், அந்தப் பெண் இன்னொரு போனைத் தேய்க்கிறார். "அங்கே வரிசை 90 நிமிஷம் காட்டுது", "இங்கே டேபிள் இல்லையாம்". இதுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சு. பின்னால் அவ்வளவு அழகான கோட்டை நிற்கிறது, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. மனம் போன போக்கில் போகலாம் என்று எதிரணி சொல்கிறது. திட்டமில்லாத ஜோடி அங்கே போனின் போக்கில்தான் போக வேண்டியிருக்கிறது.

அந்த போன் வேலையை எப்போது முடித்திருக்கலாம்? வீட்டிலேயே முடித்திருக்கலாம். 2024 ஜூலையில் முறையை மாற்றிவிட்டார்கள். வரிசையில் காத்து நிற்காமல் போக உதவும் லைட்னிங் லேன் பாஸை, டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்குகிறவர்கள் 7 நாள் முன்பே வாங்கலாம், மற்றவர்கள் 3 நாள் முன்பு. ஹோட்டல் விருந்தினர்களுக்கு எந்தப் பூங்காவிலும் தினமும் அரை மணி நேரம் முன்னதாகவே அனுமதி உண்டு. இதைத் தெரிந்துகொண்டு போகிற ஜோடிக்குக் கூட்டம் சேர்வதற்கு முன்பே ஒன்றிரண்டு பெரிய ரைடு முடிந்துவிடும். மிச்ச நாளில் போனைப் பைக்குள் போட்டுவிடலாம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். குடும்பத்தோடு போகிற திட்டம் வேறு, ஜோடியாகப் போகிற திட்டம் வேறு. ஜோடிக்கு முதல் கேள்வி, "எந்த ரைடில் நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம்?" என்பதுதான். சாதாரணக் கேள்வியாகத் தெரியும். ஆனால் மேஜிக் கிங்டத்தின் புகழ்பெற்ற ரோலர் கோஸ்டர் ஸ்பேஸ் மவுன்டன், 1975-ல் வந்தது, அதில் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் உட்கார வேண்டும். கும்மிருட்டில், சத்தத்தில், முன்னால் இருப்பவர் சிரிக்கிறாரா பயப்படுகிறாரா என்றுகூடத் தெரியாது. ஒரு மணி நேரம் வரிசையில் கைகோத்து நின்றுவிட்டு, ரைடில் கையை விட்டுவிட வேண்டும். அதே பகுதியில் பீப்பிள் மூவர் என்று ஒரு சின்ன வண்டி மெதுவாக ஓடுகிறது. பெரும்பாலும் பெரிய வரிசை இருக்காது. பத்து நிமிடம், மாடி உயரத்தில், காற்று வாங்கிக்கொண்டு, பேசிக்கொண்டே போகலாம். நடுவில் அதே ஸ்பேஸ் மவுன்டன் கட்டடத்துக்குள்ளும் புகுந்து வெளியே வரும். ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் வீட்டில் இருவர் சேர்ந்து உட்காரும் வண்டி, ஒருவர் பயந்தால் இன்னொருவர் தோள் பக்கத்திலேயே இருக்கும். அனிமல் கிங்டத்தில் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் என்று ஒரு மலை ரயில். அங்கே தனி ஆளாக ஏறுகிறவர்களுக்கான "சிங்கிள் ரைடர்" வரிசை சீக்கிரம் நகர்கிறது என்று ஆசைப்பட்டுப் போகிற ஜோடிகளைப் பார்க்கிறேன். அந்த வரிசையில் போனால் அவர் ஒரு வண்டி, இவர் ஒரு வண்டி. முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து கத்துவதற்கா ஜோடியாகப் போனோம்? எதில் சேர்ந்து போகலாம், எதில் பிரிய நேரும் என்பது அங்கே போய், வரிசையில் நின்று, வண்டியில் ஏறும்போது தெரிந்தால் என்ன பிரயோசனம்? இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவைத்தவர்களுக்குத்தான் அந்த நாள் ஜோடிக்கான நாளாக அமையும்.

அப்படிப் பேசினால் சண்டை வரும் என்கிறது எதிரணி. வரட்டுமே! "எனக்கு உயரமென்றால் பயம்" என்று ஒருவர் சொல்வார். "எனக்கு விடியற்காலையில் எழுந்திருக்கப் பிடிக்காது" என்று மற்றவர் சொல்வார். பெண் பார்க்க வந்தபோது இதையெல்லாம் யார் கேட்டார்கள்? என்ன படித்தாய், எங்கே வேலை என்பதோடு முடிந்துவிட்டது. இந்தப் பயணத்துக்காக இரண்டு மாதம் முன்பு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பேசுகிறார்களே, அதில்தான் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்கிறார்கள். வீட்டு சோபாவில் வருகிற மனத்தாங்கல் காலையில் காபியோடு சரியாகிவிடும். மத்தியானம் இரண்டு மணிக்கு, ஃப்ளோரிடா வெயிலில், பசியோடு, நூறு பேர் நடுவில் வருகிற சண்டை ஊர் திரும்பும்வரை கூடவே வரும்.

பசி என்றதும் சாப்பாடு. அங்கே மேசை போட்டுப் பரிமாறும் உணவகங்களுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு திறக்கிறது. கோட்டைக்குள்ளேயே இருக்கும் உணவகம், கன்டெம்பரரி ஹோட்டலின் 15-வது மாடியிலிருந்து வாணவேடிக்கை தெரிகிற கலிஃபோர்னியா கிரில், இங்கெல்லாம் அன்றைக்குப் போய் இடம் கேட்பது முகூர்த்த நாள் காலையில் மண்டபம் தேடுவது மாதிரிதான். கூடவே நம் ஆட்களுக்கென்று ஓர் இடம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலின் கிடானி வில்லேஜில் சனா என்ற உணவகம். ஆப்பிரிக்கச் சமையலில் இந்திய மணம் கலந்தது. குல்ச்சா, நான், பனீர் பராத்தா என்று ரொட்டி வகைகள், தொட்டுக்கொள்ள மாங்காய்ச் சட்னி, புளிச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, ரைத்தா, ஊறுகாய் என்று ஒன்பது கிண்ணம். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களும் வயிறு நிறையச் சாப்பிடலாம். பூங்கா டிக்கெட்கூட வேண்டாம். கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்ந்துகொண்டிருக்கும். இருட்டிவிட்டால் சரியாகத் தெரியாது. டிசம்பரில் அங்கே ஐந்தரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஆறரைக்கு மேசை பதிவு செய்தவர் ரொட்டி மட்டும்தான் பார்ப்பார், பகல் வெளிச்சத்துக்குப் பதிவு செய்தவர் ஒட்டகச்சிவிங்கியையும் பார்ப்பார்.

மனம் மாறினால் என்ன செய்வது என்று எதிரணியில் பேசிய தங்கை கேட்டார். நியாயமான கேள்வி. பெரும்பாலான இடங்களில் இரண்டு மணி நேரம் முன்பு வரை ரத்து செய்துகொள்ளலாம் அம்மா. போட்ட திட்டத்தை அன்றைக்குக் கலைக்க முடியும். போடாத திட்டத்தை அன்றைக்கு உண்டாக்க முடியாது.

செலவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும், கிறிஸ்துமஸ் வாரத்தில் மேஜிக் கிங்டம் ஒருநாள் டிக்கெட் ஒரு ஆளுக்கு 200 டாலரை ஒட்டிப் போகிறது. தேதி பார்த்துப் போனால் அதில் மிச்சம் பிடிக்கலாம். வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோக அனுமதி உண்டு, கண்ணாடிப் பாத்திரம் கூடாது. புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம். உணவுக் கவுன்டரில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசமாகத் தருவார்கள். இதெல்லாம் முன்பே தெரிந்தவர்களுக்குக் கையைக் கடிக்காது.

இன்னொன்று. நண்பர்கள் சொன்னதை மட்டும் நம்பிப் போகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். "லிபர்ட்டி ஸ்கொயர் நீராவிப் படகில் போங்கள், ஜோடிக்கு ரொம்ப நன்றாக இருக்கும்" என்று அங்கே போய் வந்த எல்லோரும் சொல்வார்கள். அந்த ஆற்றையும் படகையும் 2025 ஜூலையில் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு போய் நிற்பவருக்கு எவ்வளவு ஏமாற்றம்?

நடுவர் அவர்களே, எதிரணிக்கு ஒன்றை நான் விட்டுக்கொடுக்கிறேன். ஒருவர் மட்டும் உட்கார்ந்து பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் என்று எக்செல் ஷீட் போட்டு, மற்றவரை இழுத்துக்கொண்டு ஓடுவதை நான் திட்டம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அது உத்தரவு. ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். காலையில் ஒரு ரைடு, மாலையில் ஒரு சாப்பாடு. நடுவே மத்தியானம் ஹோட்டலுக்குப் போய்க் காலை நீட்டிப் படுங்கள். மிச்சத்தைக் காலியாக விடுங்கள். அந்தக் காலி நேரம்தான் எதிரணி கேட்கிற சுதந்திரம். அது வேண்டுமென்றே ஒதுக்கினால்தான் கிடைக்கும்.

எப்காட்டில் ஒரு மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரியைச் சுற்றி மெக்சிகோ முதல் கனடா வரை 11 நாடுகளின் அரங்குகள், முழுச் சுற்று கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். மொராக்கோ அரங்கின் மொசைக் வேலைக்கு அந்நாட்டு மன்னர் இரண்டாம் ஹசன் தன் கைவினைஞர்களையே அனுப்பி வைத்தார். அந்தச் சுவர்ப் பக்கத்தில் நின்று பாருங்கள், ஒவ்வொரு ஓடும் கையால் செதுக்கிப் பதித்தது. வாணவேடிக்கை முடிந்ததும் கூட்டம் முழுக்க முன்வாசலுக்கு முண்டியடிக்கும். ஃப்ரான்சுக்கும் பிரிட்டனுக்கும் நடுவில் பின்வாசல் ஒன்று இருப்பது முதல் முறை வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது. அதில் வெளியே வந்தால் சில நிமிட நடையில் போர்டுவாக், தண்ணீர் ஓரமாக மரப்பலகை நடைபாதை, காசு கிடையாது, டிக்கெட் கிடையாது. எத்தனை நேரம் வேண்டுமானாலும் நடக்கலாம். எங்கள் அணி கேட்கிற திட்டம் அந்தப் பின்வாசல் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதுதான். அதற்கப்புறம் எவ்வளவு தூரம் நடப்பது, என்ன பேசுவது என்பதெல்லாம் அவர்கள் பாடு.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணிச் சகோதரருக்கு ஒரே ஒரு கேள்வி. ஜூலை மாதம், பிற்பகல் நான்கு மணி, ஃப்ளோரிடாவில் அந்த நேரத்துக்கு அடிக்கடி வருகிற இடி மழை வந்துவிட்டது. மின்னலுக்காகத் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிட்டார்கள். ஆகாயத்தில் கம்பியில் தொங்கிப் போகும் ஸ்கைலைனர் வண்டியும் நின்றுவிட்டது. உங்கள் துணைவியார் நனைந்துகொண்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறார். எந்தப் பக்கம் அழைத்துப் போவீர்கள்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.