உத்தரன் ஓடினான், பேடி ஓடவில்லை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கோழையைச் சுட்ட 'பேடி' என்ற பழஞ்சொல் இன்றைய எழுத்துக்கு வேண்டுமா? வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் 727ஆம் குறளை எடுத்து வைத்தார். 'பகையகத்துப் பேடிகை ஒள்வாள் அவையகத்து அஞ்சு மவன்கற்ற நூல்.' அவைக்கு அஞ்சுபவன் கற்ற நூல், போர்க்களத்தில் பேடியின் கையில் உள்ள வாள் போன்றது என்பது பொருள். வள்ளுவரே சொன்ன பிறகு நாம் சொன்னால் என்ன என்று கேட்டார். ஐயா, அதற்கு முந்தைய 726ஆம் குறளுக்குப் போங்கள். 'வாளொடென் வன்கண்ணர் அல்லார்க்கு நூலொடென் நுண்ணவை அஞ்சு பவர்க்கு.' அதே வாள், அதே நூல், அதே அச்சம். இங்கே குறை நேராகச் சொல்லப்படுகிறது: வன்கண், அதாவது வீரம், இல்லை, அவ்வளவுதான். யாருடைய பிறப்பையும் உவமைக்கு இழுக்கவில்லை. கருத்தின் கூர்மை கொஞ்சமாவது மழுங்கியதா?

பேடி அடிப்படையில் ஒரு பாற்பெயர். நன்னூல் அதற்கு இலக்கணம் சொல்கிறது. அச்சம் பற்றி அங்கே பேச்சே இல்லை. சிலம்பின் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடலில் ஒன்று பேடியாடல். தன் மகன் அநிருத்தனைச் சிறைவைத்த அசுரன் வாணனின் ஊருக்குள்ளேயே புகுந்து, பேடிக் கோலத்தில் காமன் ஆடியது அது. பகைவன் தெருவில் போய் நின்றவன் கோழையா?

பாரதத்துக்கு வாருங்கள். கௌரவர் கவர்ந்த பசுக்களை மீட்கத் தேரேறிய விராடன் மகன் உத்தரன், படையைக் கண்டதும் குதித்து ஓடினான். துரத்திப் பிடித்து இழுத்து வந்தவர் பிருகந்நளை, பேடி உருவில் அங்கே வாழ்ந்த அர்ச்சுனன். உத்தரனை வன்னி மரத்தில் ஏற்றித் தன் வில்லான காண்டீவத்தை இறக்கச் செய்து, வென்று, பசுக்களை மீட்டதும் அவரே. அது வெறும் வேடம் என்பீர்கள். ஊர்வசியின் சாபத்தால் வந்த உருவம் என்பதை மறக்க வேண்டாம்.

தவறு நடக்கும் இடம் அருஞ்சொற்பொருள். 'பேடி – கோழை' என்று ஒற்றைச் சொல்லில் எழுதி முடித்துவிடுகிறோம். உவமையில் வந்த பழிப்பு சொற்பொருளாகவே உறைந்துவிடுகிறது. படித்த பிள்ளை அதைக் கட்டுரையிலும் மேடையிலும் எடுத்து வீசுகிறது. அடி விழுவது திருநங்கையர் மேல். மூலத்தில் யாரும் கைவைக்க வேண்டாம், குறள் குறளாகவே இருக்கட்டும். பொருளை மட்டும் திருத்துங்கள்: 'பேடி – ஆண்மை திரிந்து பெண்தன்மை மிக்கவர், இக்குறளில் அச்சத்துக்கு உவமை.'

புதிதாக எழுதுகிறீர்களா? போரில் ஓடியவன் புறமுதுகிட்டவன். சபையில் நாக்குழறுபவன் அவையஞ்சுபவன். எதற்கும் துணியாதவன் கோழை. பேடி என்று எழுதினால் இவற்றில் எது என்றே வாசகருக்குத் தெரியாது. நன்றி.